மூடிய பெட்டியின் முன் நிற்பவனுக்கு

கொடுங்கையூர்,
மாசி மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

எருக்கஞ்சேரி நெடுஞ்சாலைப் பக்கம் புதிதாக ஷெட் போட்டிருக்கும் உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தை உறையிலிட்டு ஒட்டாமலே அனுப்புகிறேன். நீ கேட்ட கேள்வியையே சென்ற ஒரு வருஷத்துக்குள் மூலக்கடைப் பையன் ஒருவனும், மணலியிலிருந்து ஒருவனும், தண்டையார்பேட்டையில் தகப்பனாரின் லாரிப் பட்டறையை ஏற்று நடத்துகிற பெண் ஒருத்தியும் என்னிடம் கேட்டுவிட்டபடியால், நால்வரும் கைமாற்றிப் படித்துக்கொள்வது எனக்கும் சௌகரியம். "ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றக் கற்க எத்தனை நாள் பிடிக்கும்?" என்று கேட்டிருக்கிறாய். இறக்கி ஏற்ற இரண்டு மாதம் போதும். இறக்காமல் இருக்கக் கற்பதற்கு எனக்குப் பதினைந்து வருஷம் ஆயிற்று. அந்தப் பதினைந்தில் சிலவற்றையாவது உனக்கு மிச்சப்படுத்த முடியுமா என்று பார்க்கிறேன்.

நான் தொழிலுக்கு வந்த நாளில் கியர்பாக்ஸ் வாய்விட்டுப் பேசும். எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்து, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய தொழிற்சாலையின் லாரிகள்தாம் எங்கள் பக்கத்துப் பையன்களுக்குப் பள்ளிக்கூடம். லாரி மூலக்கடையில் திரும்பும்போதே, எந்தப் பல் தேய்ந்திருக்கிறது, எந்த பேரிங் அழுகிறது என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடும் கிழவர்கள் இருந்தார்கள். அம்பாஸடர் ஸ்டியரிங்குக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கியர்க் கம்பியைத் தொட்டு ஆட்டியே, புஷ் போயிருப்பதைக் கண்டுகொள்ளலாம். குற்றம் நேராகக் கைக்கும் காதுக்கும் வந்து சேர்ந்த காலம் அது. இப்போது உன் முன்னால் வந்து நிற்கிற பெட்டியோ, எண்ணெயும் மின்சாரமும் கணக்கும் கூடித் தமக்குள்ளேயே மௌனமாகத் தீர்மானம் செய்துகொள்கிற யந்திரம். அது ஒரு ஜெர்க் அடித்தால், அதற்குப் பெட்டிக்குள்ளே ஆறு காரணமும் வெளியே பத்துக் காரணமும் இருக்கக்கூடும்.

உள்ளே நடப்பதை முதலில் மனக்கண்ணால் பார்க்கப் பழகு. இரண்டு மேஜை மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலத் தொடங்குவதைச் சிறுவயதில் விளையாட்டாகச் செய்து பார்த்திருப்பாய். காற்றுக்குப் பதில் எண்ணெயை நிரப்பி, திரும்பி வரும் எண்ணெயை மடக்கிச் சரியான திசையில் அனுப்ப நடுவே மூன்றாவது இறக்கைச் சக்கரம் ஒன்றையும் வைத்தால், அதுவே டார்க் கன்வெர்டர். இதற்கு வித்திட்ட ஹெர்மன் ஃபெட்டிங்கர் என்ற ஜெர்மானியர் காரை நினைத்து இதைச் செய்தவர் அல்லர். ஸ்டெட்டின் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்த அவர், அதிவேகமாகச் சுழலும் நீராவி டர்பைனை, மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் விசிறியோடு இணைக்கும் உபாயம் தேடி, 1905-இல் காப்புரிமை பெற்றார். துறைமுகத்தின் சங்கொலி கேட்டு வளர்ந்த நமக்கு இந்தச் சேதி ஏதோ உறவுமுறைபோல் இனிக்கிறது.

கன்வெர்டருக்குப் பின்னால் பல்சக்கரக் கூட்டம்: நடுவில் சூரியன், சுற்றிலும் கிரகங்கள், வெளியே வளையம். பெயரே அப்படித்தான். கோயிலில் நவக்கிரகங்கள் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. இவையோ ஒன்றையொன்று விடாமல் கவ்வியபடி, சூரியனைப் பிடித்து நிறுத்தினால் ஒரு வேகமும், வளையத்தை நிறுத்தினால் வேறொரு வேகமும், இரண்டைச் சேர்த்துப் பூட்டினால் நேர் வேகமும் தருகின்றன. பிடித்து நிறுத்துபவை கிளட்ச் பிளேட்டுகள். பிளேட்டுகளை அழுத்துவது எண்ணெய். எந்த எண்ணெய் எந்த வழியே போவது என்று முறைப்படுத்துவது, வால்வ் பாடி என்ற அலுமினியக் கட்டியில் எறும்புப் புற்றின் வழிகளைப்போல் குடைந்திருக்கும் பாதைகள். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ராமேட்டிக் பெட்டியைக் கொடுத்தபோது கம்ப்யூட்டர் ஏது? வண்டியின் வேகத்துக்கு ஏற்ற எண்ணெய் அழுத்தம் ஒரு முனையிலும், ஆக்ஸிலரேட்டரின் மிதிக்கு ஏற்ற அழுத்தம் மறுமுனையிலும் நின்று ஒரு வால்வைத் தள்ளுமுள்ளு செய்ய, ஜெயித்த பக்கத்துக்குக் கியர் மாறிற்று. இன்று அந்த வழக்கை விசாரிப்பது கம்ப்யூட்டர். தீர்ப்பை நிறைவேற்றுவது இன்றும் எண்ணெய்தான்.

உன் ஷெட்டுக்கு வருவதெல்லாம் இந்த வகைதான் என்று எண்ணிவிடாதே. 2014-இல் மாருதி செலேரியோ வந்த பிறகு, நம் பக்கத்துக் குடும்பங்களில் ஆட்டோமேட்டிக் என்று சொன்னால் பெரும்பாலும் ஏ.எம்.டி.யைத்தான் சொல்கிறார்கள். அது பழைய கியர்பாக்ஸ், பழைய கிளட்ச். காலுக்கும் கைக்கும் பதிலாக ஓர் ஆக்சுவேட்டர் மிதிக்கிறது, மாற்றுகிறது, அவ்வளவே. ஸி.வி.டி.யில் படிப்படியான கியரே கிடையாது. எஃகுப் பட்டை ஒன்று இரண்டு கூம்புப் புல்லிகளுக்கு நடுவே ஏறி இறங்குகிறது. இரட்டைக் கிளட்ச் பெட்டி வேறு ரகம். உலர்ந்த கிளட்ச் வைத்த மாதிரிகள் நம் ஊர் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்தே சூடேறி முரண்டு பிடிக்கும். வண்டிக்காரர் நான்குக்கும் ஒரே பெயர் சொல்வார். நீ சொல்லக் கூடாது. முக்கியமாக எண்ணெய் விஷயத்தில். ஸி.வி.டி.யில், மற்ற ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கான சாதாரண ஏ.டி.எஃப். எண்ணெயை ஊற்றினால், பட்டைக்கும் புல்லிக்கும் நடுவே வேண்டிய பிடிமானம் போய், எஃகு எஃகை வழித்துவிடும். "சிவப்பு ஆயில் எல்லாம் ஒன்றுதானே அண்ணே" என்று கடைக்காரர் சொன்னால், கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும் பெயரைக் காகிதத்தில் எழுதிக் காட்டி, அதையே கேட்டு வாங்கு.

(எண்ணெய் என்றதும் ஒரு கிளைக்கதை. 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்க ஏ.டி.எஃப்.களில், கிளட்ச் மெத்தென்று பிடிப்பதற்காக, ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்துவந்தார்கள்; திமிங்கில வியாபாரத்துக்கு அங்கே தடை வந்த பிறகுதான் ரசாயன மாற்றுகளைத் தேடினார்கள். இதைக் காசிமேட்டிலிருந்து வருகிற என் ஹெல்பரிடம் சொன்னபோது, "அப்ப கியர்பாக்ஸும் மீன் சாப்பிட்டுத்தான் வளர்ந்திருக்கு" என்றான்.)

இனி விஷயத்துக்கு வருகிறேன். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், முழங்கால் தேய்மானத்தால் கிளட்ச் மிதிக்க இயலாமல், பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். டி-யில் போட்டவுடன் 'டொம்' என்று அடிக்கிறது. சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் அதே அடி. பெட்டி வேலையில் எனக்கு அப்போது கொஞ்சம் பேர் வந்திருந்த சமயம். பேர் வந்தவனுக்குப் பொறுமை குறைவு. கேட்டதும் ஓவர்ஹால் என்று சொல்லிவிட்டேன். இறக்கினேன், பிரித்தேன், பிளேட் பிளேட்டாக அளந்தேன். ஒரு பிளேட்டிலும் குற்றமில்லை. குற்றமில்லாததைக் கண்டு திகைக்க வேண்டியவன், அதை மறைக்க எண்ணி, ஓ-ரிங் செட் மாற்றி, புது எண்ணெய் ஊற்றி ஏற்றினேன். டி-யில் போட்டேன். 'டொம்.'

அப்போது என் ஹெல்பர் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பிரேக்கை அழுத்தி மிதித்தபடி ஆர்-க்கும் டி-க்கும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னான். ஒவ்வொரு முறையும் என்ஜின் ஒரு சாண் எழும்பி விழுந்தது. ரப்பர் கிழிந்துபோன மவுண்டிங்; ஒரு மணி நேர வேலை. வாங்கிய கூலியில் பாதியை அந்தப் பெரியவரிடம் திருப்பிக் கொடுத்தேன். மீதியையும் கொடுத்திருக்க வேண்டும் என்று இத்தனை வருஷம் கழித்தும் தோன்றுகிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது. மூடிய பெட்டி விஷயத்தில் வண்டிக்காரர் பார்ப்பது நம் முகத்தைத்தான், தம்பி, பிளேட்டை அல்ல.

ஆகவே, ஸ்பேனரைத் தொடுமுன் வண்டிக்காரரை உட்காரவைத்துக் கேள். எப்போது வருகிறது, குளிர்ந்திருக்கும்போதா சூடேறிய பிறகா, ஏற்றத்திலா சமதளத்திலா, கடைசியாக யார் எதைக் கழற்றினார்கள், பாட்டரி எப்போது மாற்றினார்கள் என்று கேட்டுவிட்டு, அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார். நீ ஓட்டினால் உன் கால் ஓட்டும். குற்றம் வருவது அவர் காலுக்கு. மேம்பால ஏற்றத்தில் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே ஏ.எம்.டி. வண்டியை நிறுத்தி வைத்திருக்கும் ஒரு பழக்கம் பலருக்கு உண்டு. கிளட்ச் அங்கேதான் வேகிறது. அந்தப் பழக்கத்தைக் கவனியாமல் கிளட்சை மட்டும் மாற்றிக் கொடுத்தால், அடுத்த வருஷம் அதே வண்டி அதே முறையீட்டோடு வரும். உன் வேலையைத்தான் ஊர் பழிக்கும். பிரேக் லைட் ஸ்விட்ச் போயிருந்தால் ஏ.எம்.டி.யில் கியரே விழாது, மற்றவற்றில் லீவர் பி-யை விட்டு நகராது. சில நூறு ரூபாய் ஸ்விட்ச்சுக்காகப் பெட்டியை இறக்கிய கதைகள் நம் பேட்டையில் உண்டு. என்ஜினில் ஒரு பிளக் விட்டு விட்டு எரிவதைப் பெட்டியின் நடுக்கம் என்று எண்ணி மயங்குவதும் சகஜம்.

ஸ்கேனரை நான் வெறுப்பவன் அல்லன். வயதான காலத்தில் கற்றுக்கொண்டேன். ஆனால் அது எழுப்புகிற கேள்வியை விடையாக எடுத்துக்கொள்ளாதே. பி0700 என்ற குறியீட்டைக் காட்டினால், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ குறித்து வைத்திருக்கிறது, போய்ப் பார் என்று அர்த்தமே தவிர, பெட்டி போயிற்று என்று அர்த்தமல்ல. எண்ணெய் வழியைத் திறந்து மூடும் மின்வால்வான ஸாலினாய்டைக் குறை சொல்லும் குறியீடு வந்தால், ஸாலினாய்ட் வாங்கப் புதுப்பேட்டைக்கு ஓடுமுன், அதற்குப் போகிற வயரையும், கனெக்டரில் ஏறியிருக்கும் பச்சைப் பூசணத்தையும், எர்த் கம்பியையும் பார். எண்ணூர்க் கடற்காற்றில் செம்பும் இரும்பும் பூப்பதை நம்மைவிட அறிந்தவர் யார்?

அடுத்தது எண்ணெய். அதன் நிறத்தையும் நாற்றத்தையும் பார்ப்பதற்கு முன் அதன் அளவைச் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொள், ஏனெனில் குறைந்தாலும் குற்றம், கூடினாலும் நுரைத்துக் குற்றம். கேஜ் உள்ள வண்டிகளிலும் என்ஜின் ஓடும்போது பார்ப்பதா, நிறுத்தியவுடன் பார்ப்பதா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேஜ் இல்லாத புது வண்டிகளில், வண்டியைச் சமமாகத் தூக்கி நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய்த் திருப்பி, எண்ணெய் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும் வழிவுத் துளையைத் திறக்க வேண்டும். மெல்லிய நூலாக வழிந்து நின்றால் சரி. அந்தச் சூடு பெட்டிக்குப் பெட்டி வேறு. 40 டிகிரி என்று ஒன்றும், 55 டிகிரி என்று மற்றொன்றும் கேட்கும். கையால் தொட்டுச் சூடு சொல்லும் சாமர்த்தியம் இங்கே செல்லாது. ஆயுள் முழுவதும் எண்ணெய் மாற்ற வேண்டாம் என்று சிலவற்றில் எழுதியிருப்பார்கள். யாருடைய ஆயுள் என்று எழுதியிருக்க மாட்டார்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முதல் கியரிலேயே ஊர்கிற வண்டிக்கு, 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என் வழக்கம். திருகைக் கழற்றினால் வருவது பாதிக்கும் குறைவு. மீதி கன்வெர்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். ஆகையால் சில நாள் ஓட்டவிட்டு இரண்டாம் முறையும் மாற்றுவேன்.

2023 டிசம்பர் 4-ஆம் தேதி, மிக்ஜாம் புயல் மழையில் நம் வடசென்னை மிதந்ததை நீயும் பார்த்தாய். தண்ணீர் வடிந்த வாரத்தில், ஒரே தெருவில் நின்ற இரண்டு கார்கள் என்னிடம் வந்தன. இரண்டும் ஒரே மாதிரி, இரண்டிலும் ஸீட் வரை தண்ணீர். முதல் வண்டிக்காரம்மா பள்ளி ஆசிரியை. சாவியையே தொடாமல், பாட்டரியைக் கழற்றச் சொல்லி, வண்டியின் நான்கு சக்கரமும் தரையில் படாதபடி ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார். அடித் திருகைத் தளர்த்தினேன். முதலில் வந்தது எண்ணெய் அல்ல. ஒரு டம்ளர் அளவுக்கு மண்நிறத் தண்ணீர், தனியாக. அது நின்று ஒரு க்ஷணம் கழித்து, சுத்தச் சிவப்பாக எண்ணெய் இறங்கிற்று. தண்ணீர் கனமானது, யாரும் கலக்காததால் அடியில் படுத்துக் கிடந்தது. மூன்று தடவை புது எண்ணெய் ஊற்றி வடித்தோம். அதிர்ஷ்டமும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். அந்தப் பெட்டி இன்றும் திறக்கப்படாமல் ஓடுகிறது.

இரண்டாவது வண்டியை, பக்கத்து வீட்டார் யாரோ சொன்னார் என்று, ஸ்டார்ட் செய்து தெருமுனை வரை ஓட்டிப் பார்த்திருந்தார்கள். திருகைத் தளர்த்தியதும் சட்டியில் விழுந்தது ரோஸ் மில்க். நிறம், நுரை, கெட்டி எல்லாம் கடையில் வாங்கியது போலவே. தண்ணீர் ஒருமுறை எண்ணெயில் கரைந்து பிளேட்டுகளுக்குள் போய்விட்டால், இரும்பின்மேல் உராய்வுத் தாளை ஒட்டியிருக்கும் பசை ஊறி விடுகிறது. எத்தனை தடவை வடித்தும், மூன்று மாதத்தில் மூன்றாவது கியர் வழுக்கத் தொடங்கிற்று. இறக்கிப் பிரித்தபோது, பிளேட்டிலிருந்து தாள், ஊறிய சுவரொட்டி உரிவதுபோல் விரலோடு வந்தது. அந்த வண்டியைத் திறந்தது நியாயமே. ஒரே தெரு, ஒரே தண்ணீர்; நடுவில் இருந்தது ஒரு சாவியின் திருப்பம். மழைக்காலம் வருமுன் உன் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் இதைப் போன் செய்து சொல். ரெக்கவரி விஷயத்தையும் சேர்த்துச் சொல்: முன்சக்கரம் இழுக்கும் வண்டியை அந்தச் சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுத்தால், என்ஜின் ஓடாததால் பம்பும் ஓடாமல், பெட்டி எண்ணெயின்றி வறண்டு சுழலும்.

திறந்தே ஆக வேண்டிய நாளும் வரும். கருத்துப்போன எண்ணெயில் தீய்ந்த நாற்றமும் அடித்து, சட்டிக் காந்தத்தில் மாவுபோன்ற சாம்பல் பூச்சுக்குப் பதில் பளபளக்கும் சீவல்கள் ஒட்டியிருந்தால், தயங்காதே. ஆனால் இடத்தைத் தேர்ந்துகொள். நம் குப்பைமேட்டிலிருந்து புகை இறங்குகிற சாயங்காலத்தில், ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு வால்வ் பாடியைப் பிரிக்காதே. வால்வுக்கும் அது ஓடும் துளைக்கும் நடுவே உள்ள இடைவெளி தலைமயிரின் பருமனைவிடக் குறைவு. பனியன் வேஸ்டின் ஒரு நூல் போதும், வால்வு பாதியில் நின்று, நேற்று இல்லாத புதுக் குற்றம் ஒன்று பிறக்க. நூல் உதிராத துணியும், சுத்தமான பெட்ரோலியக் கழுவு திரவமும், மேஜைமேல் விரித்த வெள்ளைத் தாளும் இல்லாமல் இந்தக் காரியத்தில் இறங்காதே. நான் முதன்முதலில் பிரித்த வால்வ் பாடியில், நடுத்தகட்டைத் தூக்கியபோது மிளகளவு எஃகு உருண்டை ஒன்று டக்கென்று தெறித்து ஓடிற்று. அன்று சாயங்காலம் காந்தம் கட்டிய குச்சியால் பெஞ்சுக்கு அடியிலிருந்து அதை எடுத்துவிட்டேன். அது எந்தக் குழியைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. உன்னிடம் கேமரா உள்ள போன் இருக்கிறது. தகட்டைத் தூக்குமுன் ஒரு படம், தூக்கியபின் ஒரு படம்.

வடித்த எண்ணெயை வாய்க்காலில் விடாதே. அதே 2023 வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, மீனவர்களின் வலைகளும் படகுகளும் கருத்துக் கிடந்ததைப் பார்த்த கண் இது. பீப்பாயில் சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியுள்ளவர் வந்து எடுக்கும்படி செய். கொஞ்சம் காசும் கிடைக்கும்.

உனக்குக் கற்றுக்கொள்ள ஒரு வண்டி என் ஷெட்டில் இப்போது இருக்கிறது. ஏ.எம்.டி.; காலையில் ஒரு குறையும் இல்லை, ஸ்கேனரில் ஒரு குறியீடும் இல்லை. சாயங்காலம் மட்டும், அதுவும் மூலக்கடை மேம்பாலத்துக்கு அடியில் நெரிசலில் பத்து நிமிஷம் ஊர்ந்த பிறகு, தானாக நியூட்ரலுக்குப் போய் நின்றுவிடுகிறது. இரண்டு இடத்தில் பெட்டியை மாற்றச் சொல்லிவிட்டார்களாம். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது; சொல்ல மாட்டேன். வண்டிக்காரர் வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கு வந்து தாமே ஓட்டிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். நான் முன்னால் உட்காருகிறேன். பின் ஸீட்டில் உனக்கு இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அன்புள்ள
அண்ணன்